ராசியில்லாத கண்

ஒத்தக்கடையில் நண்பர் ஒருவர் வீடு கட்டிக் குடிபோனார். வாசலில் சாணி தெளித்திருந்தார்கள். வந்தவர்கள் மூக்கைச் சுருக்கினார்கள். எனக்கு டென்னிஸ் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். எழுபதுகளில் நான் வேலை பார்த்த மதுரைக் கல்லூரியில் டென்னிஸ் கோர்ட்டைச் சாணி போட்டுத்தான் மெழுகுவார்கள். விழுந்து எழும் பையன்களின் வெள்ளைக் கால்சட்டையெல்லாம் பச்சையாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பந்து நின்று நிதானமாக எழும்பும் சுகம் தெரிந்ததும் ஊருக்குப் போகமாட்டேன் என்பார்கள்.

நான் தாவரவியல் வாத்தியார். கல்யாணம் ஆகாதவன், சாயங்காலம் சும்மா இருப்பவன் என்று பிரின்சிபால் என் தலையில் டென்னிஸ் பொறுப்பைக் கட்டினார். எனக்குப் பந்து எது, எலுமிச்சம்பழம் எது என்றுதான் தெரியும். "மாஸ்டர் பாத்துக்குவார். நீங்க கூட நின்னாப் போதும்" என்றார். பல வருஷம் நன்றாகவே நின்றேன்.

மாஸ்டர் என்பது பெரியகருப்பன். மேற்கே காடு கரை உழும் ஒரு சம்சாரி வீட்டுப் பிள்ளை. கபடி மூச்சைப் பிடித்தே உடற்பயிற்சி ஆசிரியர் வேலைக்கு வந்தவர். மட்டையை அகப்பை மாதிரி பிடிப்பார். அவர் போட்ட சர்வீஸ் வலையைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அதனால் கையாலேயே பந்தை மூலைக்கு மூலை எறிந்து பையன்களை ஓடவிடுவார். விடிகாலையில் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போய்ச் சமணர் மலையில் ஏறவிடுவார். "எதிராளி நல்லா அடிக்கட்டும்டா. நீ வாரதையெல்லாம் திருப்பி அனுப்பு. அவனுக்கே சலிச்சுப் போகும்." அவருடைய டென்னிஸ் சாஸ்திரம் அம்புட்டுத்தான். இங்கிலீஷ் பேசும் கல்லூரிப் பையன்கள் நாக்குத் தள்ளி நிற்பார்கள். வருஷா வருஷம் கோப்பை எங்களுக்குத்தான்.

ஒரு விஷயம் உண்டு. இறுதி ஆட்டத்தை மட்டும் மாஸ்டர் பார்க்கக்கூடாது. ஆரம்பத்தில் அவர் உட்கார்ந்து பார்த்த இறுதி ஆட்டமெல்லாம் தோல்வி. ஒரு வருஷம் மஞ்சள்காமாலையில் படுத்துக்கிடந்தார், ஜெயித்துவிட்டார்கள். அன்றிலிருந்து பையன்களே அவரை விரட்டுவார்கள். "மாஸ்டர், கெளம்புங்க!" அவரும், "என் கண்ணு ராசியில்லாத கண்ணு சார்" என்று சிரித்துக்கொண்டே டவுன் பஸ் ஏறிச் சிம்மக்கல் போய்விடுவார். துணைக்கு நான். அங்கே மொத்தக் கடைகளில் வெங்காயம் விலை விசாரித்துக்கொண்டு திரிவோம். வாங்கவே மாட்டோம் என்று தெரிந்தும் கடைக்காரர்கள் விலை சொல்வார்கள். டென்னிஸ் பொறுப்பாசிரியராக நான் தேர்ச்சி பெற்றது வெங்காயத்தில்தான்.

அந்த வருஷம் எங்கள் ஜெயராஜோடு இறுதி ஆட்டம் ஆட வந்தவன் முருகேசன். மாஸ்டரின் சொந்த மகன். "எம் புள்ளய எடுத்தா ஊரு என்ன பேசும்?" என்று தன் கல்லூரியில் சேர்க்காமல் விட்டார். அவன் வேறு கல்லூரியில் சேர்ந்து, ஆடி ஆடி இறுதிவரை வந்துவிட்டான். போனால் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. இருந்தால் கோப்பை கைவிட்டுப் போய்விடும். வழக்கம்போல் பஸ் ஏறினோம்.

வைகைப் பாலம் வருமுன் எழுந்துவிட்டார்.

"இறங்கிக்குவோம் சார். ஊரான் புள்ளைக பின்னாடியே அலைஞ்சுட்டேன். எம் பய சின்னதுல சாக்கு ஓட்டம் ஓடுனதக்கூட நான் பாத்ததில்ல."

திரும்பினோம். நம்புவீர்களோ மாட்டீர்களோ, முருகேசன் ஜெயித்துக்கொண்டிருந்தான். மாஸ்டரைக் கண்டதும் எங்கள் பையன்கள் தலையில் கைவைத்தார்கள். "குடியக் கெடுத்தீங்களே மாஸ்டர்! போயிருங்க!" அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாத்துட்டுத்தேன் போவேன்."

முருகேசன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவன் அடித்த பந்தில் பாதி வலையில், பாதி வேலியில். ஜெயராஜ் ஜெயித்துவிட்டான். பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாஸ்டரின் ராசி பொய் என்று நான்கூட நினைத்தேன்.

முருகேசன் வேர்க்க விறுவிறுக்க வந்தான். "நல்லாத்தான்டா ஆடுன" என்றார் மாஸ்டர், தரையைப் பார்த்தபடி.

"நீங்க யாருக்காகப் பாக்குறீங்களோ அவந்தானப்பா தோப்பான்? நாந்தான தோத்தேன்!" என்றான். வாயெல்லாம் பல்.

கோப்பை வாங்கியவன் முகத்தில்கூட அப்படியொரு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. மாஸ்டர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இந்த அப்பன் மகன் விவகாரத்தில் நான் என்ன செய்யமுடியும்? தாவரவியல்காரன், வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்தக் கோர்ட் இல்லை. கம்ப்யூட்டர் கட்டடம் வந்துவிட்டது. மாஸ்டர் எண்பதுகளின் கடைசியில் போய்ச் சேர்ந்தார். முருகேசன் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டான். ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். அன்றைக்கப்புறம், பின்னாளில் பாங்க் டீமுக்கு ஆடியபோதும், அப்பா அவன் ஆட்டம் ஒன்றைக்கூட விடவில்லையாம். எந்த ஊராக இருந்தாலும் வந்து கைகட்டி நின்றுவிடுவாராம்.

"அவரு செத்தப்புறந்தான் சார் நான் ஜெயிக்கவே ஆரம்பிச்சேன்" என்றான்.

அப்படி ஜெயித்த கோப்பைகளை ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டுவைத்திருக்கிறானாம்.