என் பெயரை நானே சொன்ன நாள்

நாங்கள் கருவாடு காயவைக்கும் கடற்கரைக்குப் போகிற வழியில் ஒருவர் சுவர் எழுப்பிவிட்டார். அப்போதுதான் செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் கேமராவோடு எங்கள் திருவிடந்தைக்கு வந்தாள். கல்லூரியில் சட்டத்தையும் படம் எடுப்பதையும் ஒரே படிப்பாகச் சேர்த்துப் படிக்கிறாளாம்.

“இன்னாம்மா, நீ வக்கீலா, கேமராக்காரியா?” என்று பக்கத்து வீட்டுச் செல்வி கேலி செய்தாள்.

“ரெண்டும்தான்க்கா. நீங்க பேசறத படம் புடிச்சி, மனுவோட கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப்போறேன்.”

அந்த வழியில் அதிக காலம் நடந்தவள் என்று என்னை உட்கார வைத்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அந்தப் பெண் என் பெயரைக் கேட்டாள்.

“மாணிக்கத்தோட அம்மான்னு போட்டுக்கோ.”

“மாணிக்கமா நடந்தாரு? நீதான ஆயா நடந்த? பேரில்லாத சாட்சிய யாரும் மதிக்கமாட்டாங்க.”

எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் என்னைக் குப்பையில் புரட்டி எடுத்துப் பெயர் வைத்தார்கள். அதற்குக் கூச்சப்பட்டே கிழவியானேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன்.

“கேக்கல ஆயா, இன்னொரு வாட்டி” என்றாள். அவள் சிரிக்கவில்லை.

முந்தானையை விட்டேன். “என் பேரு குப்பம்மா. கல்யாணமாகி வந்ததுலருந்து இந்த வழியிலதான் நடக்கறேன்.”

போன வாரம் அதிகாரிகள் வந்து இடத்தை அளந்தார்கள். சுவர் இன்னும் நிற்கிறது. ஆனால் “இங்க குப்பம்மா யாரு?” என்று அவர்கள் கேட்டபோது, செல்வி வாய் திறப்பதற்குள் நானே முன்னால் போய் நின்றேன். நான் பிழைக்க வேண்டும் என்று வைத்த பெயர் அது. அதற்குப் போய் இத்தனை காலம் கூசியிருக்கிறேன்.