ஒரு சாண் கூடிய உறை

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஓர் உறை தொங்குகிறது. தோட்டத்து டிராக்டர் வண்டியை மூடும் பச்சைத் தார்ப்பாயில் வெட்டி, மெழுகு தேய்த்த நூலால் கையில் தைத்த உறை. வாய்ப்பக்கத்தில் ஒரு தோல் வார். அது என் பழைய பள்ளிப்பையிலிருந்து கழற்றியது. உள்ளே என் ரைபிளை இறக்கினால் அது அடிவரை போய் நின்றுவிடும். மேலே ஒரு சாண் தார்ப்பாய் வெறுமையாய் மடங்கித் தொங்கும். சுடும் திடலுக்குப் புதிதாக வருகிறவர்கள், "என்ன அண்ணே, வளர்ற பிள்ளைக்குத் தச்ச மாதிரி தச்சிருக்கீங்க?" என்று கேலி செய்வார்கள். நானும் சிரித்து வைப்பேன். அந்த ஒரு சாணை வைத்து ஒரு மனிதரின் கழுத்தை அளக்கப் பார்த்தார்கள் என்று சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு யாரும் சுடமாட்டார்கள்.

தைத்தவர் என் அக்காளின் கணவர். எனக்கு மச்சான், அவருக்கு நான் மாப்ள. மலேசியாவில் ஈப்போவை அடுத்த லகாட்டுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். ஆள் நெட்டை. கை முழங்காலைத் தொடுமோ என்று பார்க்கிறவருக்குச் சந்தேகம் வரும். வாய் அதைவிட நீளம். தோட்டத்துத் துரை பன்றி வேட்டைக்குக் கிளம்பும்போதெல்லாம் புதரைக் கலைத்து விரட்ட இவரைத்தான் கூப்பிடுவார். திரும்பி வந்ததும் எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று மண்வெட்டிக் காம்பைத் தோளில் வைத்து, துரை எப்படிக் குறி பார்த்தார், எப்படித் தவறவிட்டார், தான் இருந்தால் எங்கே வைத்திருப்பேன் என்று நடித்துக் காட்டுவார். "காதுக்குப் பின்னால ஒரு எடம் இருக்கு மாப்ள. அங்க வச்சா அது ஐயோன்னுகூட சொல்லாது." மண்வெட்டிக் காம்பைத் தவிர வேறு எதையும் அவர் தோளில் வைத்ததில்லை. வைக்கவும் வழியில்லை. அவரிடம் இருந்தது சிவப்பு ஐசி.

இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தும் குடியுரிமை வாங்காமல் விட்டவர்களுக்குச் சிவப்பு. மச்சானின் அப்பாவிடம் ஒரு தகரப் பெட்டி இருந்ததாம். அதில் வேட்டியும் பித்தளைச் செம்பும் எப்போதும் கட்டித் தயாராக இருக்குமாம். "அடுத்த வருசம் ஊருக்குப் போயிருவோம், இந்த ஊரு காயிதம் நமக்கு எதுக்கு?" என்று பெற்ற பிள்ளைகளில் ஒன்றைக்கூட அவர் பதியவில்லை. பெட்டி எங்கும் போகவில்லை. அவரும் போகவில்லை, தோட்டத்துச் சுடுகாட்டில்தான் இருக்கிறார். வளர்ந்த பிறகு மச்சான் நீல ஐசிக்கு எழுதிப் போட்டார். துப்பாக்கி லைசன்சுக்கும் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். இரண்டும் வரவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

நானோ நீல ஐசிக்காரன். அம்மா என்னை ஆஸ்பத்திரியில் பெற்றதால் காகிதம் தானாக வந்து சேர்ந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் தொழில்நுட்பப் பள்ளி முடித்து, ஈப்போவில் ஒரு ஈயச் சுரங்க அலுவலகத்தில் நில அளவை வேலையில் சேர்ந்தேன். ஓர் இடத்தில் உட்காராத வயது. அலுவலக நண்பர் ஒருவர் சுடும் திடலுக்கு அழைத்துப் போனார். முதல் நாள் அட்டையில் விழுந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்த விரல் அடுத்த வாரம் வரைக்கும் சும்மா இருக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் துப்பாக்கி இதழ்களைத் தேடி அலைந்தேன். குழலின் எடை, விசையின் அழுத்தம், குறிமுள்ளின் வகை என்று ராத்தூக்கத்தில்கூட ஒப்பித்திருப்பேன். கிளப் உறுப்பினர் என்பதால் சொந்தமாக ஒரு சிறிய ரைபிள் வாங்க போலீஸ் அனுமதி கிடைக்கும் என்று தெரிந்ததும் முதலில் ஓடியது மச்சானிடம்தான். அவர் டிராக்டரை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு இறங்கி என் தலையில் கை வைத்தார். வாழ்த்துகிற மாதிரியும் இருந்தது, சொத்து வாங்குகிற மாதிரியும் இருந்தது.

ஈப்போவுக்குப் பேருந்தில் போகும் வழியெல்லாம் சண்டை. எனக்குக் கனமான நீளக் குழல் வேண்டும், பின்னால் சிறு துளை வழியாகப் பார்க்கும் குறி வேண்டும். திடலில் படுத்துச் சுடும்போது கனம்தான் கையின் நடுக்கத்தை விழுங்கும். "ஓட்டை வழியா பாத்துக்கிட்டு இருந்தின்னா பன்னி உன்ன சுத்தி வந்து பின்னால கடிச்சிட்டுப் போயிரும்லா," என்றார் மச்சான். வேட்டைக்குத் திறந்த குறி வேண்டும், கண் எறிந்த இடத்தில் குழல் நிற்க வேண்டும். ஒரே துப்பாக்கி இரண்டு வேலைக்கும் ஆகுமா என்பதுதான் வாதம். பின் இருக்கைப் பெண்மணி எங்களைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார்.

துப்பாக்கிக் கடை முதலாளியை எல்லோரும் தவுக்கே என்பார்கள், வயதான சீனர். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழும் பேசுவார். என் ஆசை, மச்சானின் ஆசை இரண்டையும் கேட்டுவிட்டு, "இது சின்னத் தோட்டா. பன்னிக்குக் கொசுக்கடி. அணில் சுடு, அட்டை சுடு. பன்னிய வுட்டுரு," என்றார். ஆனாலும் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். நீளமானது, தோளில் தாங்க வாதுமை மரக் கட்டை, துளைக்குறியைக் கழற்றினால் கீழே திறந்த குறி. எங்கள் இரண்டு பேர் வாதத்தையும் கேட்டுவிட்டு யாரோ செய்த மாதிரி இருந்தது. நான் தோளில் வைத்தேன். கட்டை அக்குளில் இடித்தது, விசைக்கு விரல் எட்டி எட்டிப் போனது. மச்சான் என் கையிலிருந்து அதை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அது அவர் தோளில் போய் உட்கார்ந்தது. பிரிந்து போயிருந்த ஒரு கை திரும்பி வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி. கீழே வைத்த பிறகும் அவர் விடவில்லை. கட்டையிலிருந்து குழல் நுனி வரை விரலை விரித்து விரித்துத் தடவிக்கொண்டே போனார். ஆசையாகத் தடவுகிறார் என்று நினைத்தேன்.

தவுக்கே என்னைத் தனியே கூப்பிட்டார். "சியாப்பா புன்யா?" என்றார் மலாயில். யாருடையது? என்னுடையது என்றேன். "அவருக்கு அது அளந்து தச்ச சட்டை. உனக்கு அப்பா சட்டை. லைசன்ஸ்ல யாரு பேரோ அவரு மட்டும்தான் தூக்கலாம். தெரியும்தானே?" தெரியும். எல்லோருக்கும் தெரியும். மலைக்காடுகளில் கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த காலம். அனுமதி இல்லாதவன் கையில் துப்பாக்கி இருந்தால் தூக்கு என்று சட்டம் வந்திருந்தது.

திரும்பும் பேருந்தில் மச்சான் ஜன்னலைப் பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்: "நீ டவுன்ல ரூம்ல இருக்க. அங்க திருடன் வருவான். நம்ம வீட்டுல இருக்கட்டும் மாப்ள. நீ வாரப்ப சுடு. மத்த நாளு நான் சும்மா தொடச்சு வைக்கிறேன்." தொடச்சு வைக்கிறேன் என்பதற்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். தோட்டத்தில் எண்ணெய்க்காகப் புதிதாக நட்ட செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் தோண்டிப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. படித்தவனுக்கு இந்த நடுவழி எப்போதும் திறந்தே இருக்கிறது.

அனுமதிக் கடிதம் வந்தது. மறுபடி இருவரும் போனோம். மச்சான் கையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளப் பொட்டலம். என்ன என்று கேட்டேன். "கொடைலா," என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கடையில் அந்த நீளத் துப்பாக்கி எங்களுக்காகவே மேசைமேல் காத்திருந்தது. நான் அதற்குப் பக்கத்து அலமாரியைக் காட்டினேன். குட்டையான, மெலிந்த ரைபிள். தோளில் வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மச்சானிடம் கொடுத்தேன். அவர் கன்னம் கட்டைக்கு வெளியே துருத்தி நின்றது, முழங்கை மடங்கி விலாவில் இடித்தது.

"இது பள்ளிக்கூடப் பிள்ளைங்க வெளையாடுறதுலா."

"எனக்கு இதுதான் சரியா இருக்கு மச்சான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் எதைச் சொல்லாமல் சொல்கிறேன் என்பது புரிந்த பார்வை. "உன் பேரு, உன் தோளு. உனக்குத்தான சரியா இருக்கணும்," என்றார். பொட்டலத்தைப் பிரிக்காமலேயே அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வழியில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, ஒரு பகடிகூடச் சொன்னார். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

பிறகு ஒரு நாள் காலை அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. மச்சானைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது, துப்பாக்கியோடு உடனே நிலையத்துக்கு வர வேண்டும். ஓடினேன். வாசல் படியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பால் வெட்டும் உடை, பால் கறை படிந்த கை. "பொறக்காத பிள்ளைக்கு யாராச்சும் சட்ட தைப்பாங்களாடா? சொன்னேன், கேட்டாரா? அன்னைக்குக் கடையிலயே சாண் போட்டு அளந்துட்டு வந்து தச்சாரு. உன் பழைய பையிலேர்ந்து வாரு கழட்டித் தந்தவ நான்தானே." அப்போதுதான் எனக்கு அந்த விரல்கள் விரிந்து விரிந்து போனது நினைவுக்கு வந்தது. செய்தித்தாளுக்குள் இருந்தது குடை இல்லை.

உறை போலீஸ் சார்ஜனின் மேசைமேல் கிடந்தது. கடையிலிருந்து திரும்பிய நாளில் மச்சான் அதைச் சுவரில் மாட்டி, உள்ளே உண்மையாகவே குடையை வைத்திருக்கிறார். பார்த்தவர்கள் கேட்டபோது அந்த வாய் சும்மா இருக்குமா? "துப்பாக்கி தூங்குது, சத்தம் போடாதீங்க," என்றிருக்கிறார். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். என் லைசன்சைப் பார்த்துவிட்டுச் சார்ஜன் என் ரைபிளை உறைக்குள் இறக்கினார். எல்லாம் தீர்ந்தது என்று நான் மூச்சு விட்டேன். அவர் மேலே மிஞ்சிய தார்ப்பாயைப் பிடித்தார். ஒரு சாண். முன்னும் பின்னும் ஆட்டினார். தையலைப் பார்த்தார், வாரைப் பார்த்தார், மூலையில் நின்ற மச்சானின் நீண்ட கையைப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமாகத் தைக்கிறவன் அளவில் இவ்வளவு தவறமாட்டான்," என்றார் மலாயில். "இது இந்தத் துப்பாக்கிக்குத் தைத்தது இல்லை. இது எதற்குத் தைத்ததோ அந்தத் துப்பாக்கி எங்கே?"

இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிக் காட்டுவது? வாங்காத துப்பாக்கிக்கு எந்த அலுவலகத்திலும் சீட்டு கிடையாது. நான் கடையைச் சொன்னேன், அலமாரியைச் சொன்னேன், வாதுமைக் கட்டையைச் சொன்னேன். சார்ஜன் யோசித்தார். பிறகு எங்களை லேண்ட் ரோவரில் ஏற்றினார். வழியில் மச்சான் முதல்முறையாக வாய் திறந்தார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்: "வித்திருப்பானா மாப்ள?" பார்த்த நாளிலிருந்து அதை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்று ஏங்கியவர் அவர். இப்போதும் அதையேதான் வேண்டிக்கொண்டார்.

அது அலமாரியில் இருந்தது. தவுக்கே எடுத்து வைத்தார். சார்ஜன் மச்சானைப் பார்த்து, "நீயே போடு," என்றார். மச்சான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்றால் பிடித்துக்கொண்டார். "வேணாம் துவான். நான் தொடமாட்டேன்." தவுக்கேதான் இறக்கினார். குழல் நுனி தார்ப்பாயின் அடியைத் தொட்ட இடத்தில் கட்டையின் அடி உறையின் வாய்க்குச் சரியாக வந்து நின்றது. வார் மடங்கி வளையத்தில் ஏறியது. நூல் இழை அளவுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சார்ஜன் சிரித்துவிட்டார். "நல்ல தையல்காரன்," என்று மச்சானின் தோளைத் தட்டினார். மச்சான் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டியபடியே, அது உறைக்குள் கிடப்பதையும் பிறகு வெளியே உருவப்படுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ மரியாதை செலுத்துகிறவர் போல இருந்தார். பிடிபட்டவர் போலவும் இருந்தார்.

அவர் ஆசைப்பட்டபடி நான் அந்த நீளத் துப்பாக்கியை வாங்கி அவர் வீட்டில் விட்டிருந்தால், அன்று சுவரில் மாட்டியிருந்த உறைக்குள் குடை இருந்திருக்காது. ஆக நான் செய்தது சரி. பல முறை கணக்குப் போட்டுப் பார்த்தும் விடை மாறவில்லை. ஆனால் விடை சரியாக வந்தும் ஏன் மனம் அமைதியாகவில்லை என்பதற்கு எந்தப் பள்ளியிலும் பாடம் இல்லை. ஒரே லயத்தில் வளர்ந்தோம், ஒரே துப்பாக்கிக்கு ஆசைப்பட்டோம். ஒருவனின் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள், இன்னொருவனின் அப்பா பெட்டி கட்டி வைத்தார்.

இப்போது தோட்டத்தின் பாதி வீட்டுமனையாகிவிட்டது. மச்சானும் அக்காளும் ஈப்போவுக்கே வந்துவிட்டார்கள். அவர் ஒரு மரக்கிடங்கில் ஜாகா. காவலுக்கு ஒரு தடியும் டார்ச் லைட்டும் கொடுத்திருக்கிறார்கள். ஐசி இன்னும் சிவப்புதான். வேட்டைக் கதைகளை அவர் சொல்லி நான் கேட்டு வருடங்களாகிறது. உறையைப் போலீஸ் விட்ட அன்றைக்கே எனக்குக் கொடுத்துவிட்டார்: "உள்ள துணிய வச்சு அடைச்சுக்க."

போன ஞாயிறு வந்திருந்தார். திடலுக்குக் கிளம்ப ரைபிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல வாசலிலேயே நின்றார், கைகள் முதுகுக்குப் பின்னால். ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார். மேசையில் கிடந்த உறையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். வாய்ப்பக்கத் தையலைத் தடவினார். விரல்கள் விரிந்தன. மேலே மிஞ்சும் இடத்தில் கை தானாக நின்றது.

"கத்திரி இருந்தா கொண்டா மாப்ள. இத வெட்டி உன் துப்பாக்கி அளவுக்குத் தச்சுத் தந்துர்றேன். எத்தன நாளைக்குத் தொங்கும்?"

கத்திரி பாதி திறந்திருந்த மேசை இழுப்பறையிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. "இல்ல மச்சான்," என்றேன்.

அவர் இழுப்பறையைப் பார்த்தார். பிறகு உறையை நன்றாக நீட்டிவிட்டு, கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் அவர் கையாலேயே மாட்டினார்.