மூன்று தட்டு

வங்கிப் பணத்தை ஏடிஎம்களுக்குக் கொண்டுபோகும் வண்டியைத் திருவனந்தபுரத்தில் ஒன்பது வருடம் ஓட்டினேன். இதைச் சொன்னால் எல்லோரும் முதலில், வண்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்றுதான் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. டிரைவரிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: கதவைத் திறக்காதே. வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கதவுகள் உள்பக்கம் பூட்டியிருக்க வேண்டும். கண்ணாடியைத் தட்டுவது போலீஸ்காரராக இருந்தாலும் திறக்கக் கூடாது. மூத்திரம் முட்டினாலும் திறக்கக் கூடாது. அதற்கு ஒரு பாட்டில் வைத்திருந்தேன்.

வண்டியில் நாங்கள் நாலு பேர். பெட்டியைத் தூக்கிப்போய் மிஷினில் நிரப்புகிறவர்கள் இரண்டு பேர், துப்பாக்கியோடு ஒருவர், அப்புறம் நான். நிரப்புகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். துப்பாக்கிக்காரர் மட்டும் ஐந்து வருடம் என்னோடு இருந்தார். நாகர்கோவில் பக்கம், பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். நான் திருநெல்வேலிக்காரன். அவரை அண்ணாச்சி என்பேன். அவர் என்னை டே என்பார். மனசு நன்றாக இருக்கும் நாளில் மக்கா.

வெளியே காவல் நிற்கும் அவர் வண்டிக்குள் ஏறவேண்டுமென்றால் கதவைத் தட்டவேண்டும். மூன்று தட்டு என்றால் எல்லாம் சரி, திற. ஒரே தட்டு என்றால் ஆபத்து, திறக்காதே, எங்களை விட்டுவிட்டு வண்டியைக் கொண்டு போய்விடு. இவ்வளவுதான் எங்கள் பாஷை. அண்ணாச்சி விரலை மடக்கி, மோதிரம் இரும்பில் படும்படி தட்டுவார். ஒருமுறை இரண்டாவது தட்டிலேயே திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்தவர் அடுத்த ஏடிஎம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.

"ரெண்டுக்கே தெறந்தா மூணாவது எதுக்குடே? ஒங்க அப்பனுக்குத் தட்டவா?"

அப்படி ஒரு கறார். டீக்கடைக் கதவு, கக்கூஸ் கதவு, எதுவானாலும் மூன்று தட்டுதான். அவர் வீட்டுக் கட்டிலுக்குக்கூட மூன்று தட்டித்தான் படுப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவர் சிரிக்க மாட்டார்.

அன்றைக்கு எங்களுக்குக் கழக்கூட்டம் என்கிற பகுதியில் வேலை. ஐடி கம்பெனிகளுக்கு எதிரே ஒரு ஏடிஎம். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஹோட்டலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நிரப்புகிறவர்கள் இருவரும் பெட்டியோடு உள்ளே போய் ஷட்டரை இறக்கிக்கொண்டார்கள். அண்ணாச்சி வண்டிக்கும் ஷட்டருக்கும் நடுவில் நின்றார். காலையிலிருந்தே அவருக்கு முகம் சரியில்லை. தலை கனக்கிறது என்று ஒருதரம் சொன்னார். நான் ஏதோ கிண்டலாகச் சொன்னேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் கம்பெனியில் எங்களுக்கு ஒரு வகுப்பு நடந்திருந்தது. எங்கேயோ ஒரு வண்டியைக் கொள்ளையடித்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். ஒருவன் ரோட்டில் மயங்கி விழுவதுபோல் நடிக்கிறான், டிரைவர் கதவைத் திறக்கிறான், அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. நான் வெளியே வீராப்பாகப் பேசுகிறவன். உள்ளுக்குள் பயந்தாங்கொள்ளி. அந்த வீடியோவுக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை.

இடதுபக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாச்சி வண்டியில் சாய்ந்தார். பிறகு அப்படியே சறுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். துப்பாக்கி மடியில் குறுக்காகக் கிடந்தது. இடது கை தொங்கிவிட்டது. அட்டை போட்ட இரண்டு பையன்கள் அவரை நோக்கி ஓடிவந்தார்கள். அப்போது அவருடைய வலது கை மேலே வந்து கதவைத் தட்டியது. ஒன்று. இரண்டு. கொஞ்சம் பொறுத்து, மூன்று.

முதல் தட்டிலேயே கியர் போட்டுவிட்டேன் என்று எனக்கு நானே பலநாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. மூன்றையும் கேட்ட பிறகுதான் போட்டேன். விழுகிறவன் நடிப்பான் என்று வகுப்பில் சொன்னார்கள், சரி. அண்ணாச்சி நடிக்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஓடிவந்தவர்கள் சாப்பாட்டுக்குப் போகிற பிள்ளைகள் என்பதும் தெரிந்தது. ஆனாலும் கால் ஆக்சிலேட்டரை மிதித்தது. அலாரத்தை அமுக்கிவிட்டு, கூட்டத்தை ஹாரனால் பிளந்துகொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய்த்தான் நின்றேன்.

போலீஸ் ஜீப்போடு திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே கிடந்தார். இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தேன். மடியில் துப்பாக்கி இருக்கிற மனிதனைத் தொட யாருக்குத் தைரியம் வரும்? பணவண்டி வேறு அலறிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஏதோ கொள்ளை என்று எல்லோரும் பத்தடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த இருவரும் விதிப்படி ஷட்டரைத் திறக்கவில்லை. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பில்தான் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இடதுபக்கம் இவ்வளவு போயிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவருக்கு முன்னால் ஒரு விசாரணை ஃபாரம். அவர் பேசுவது மலையாளம்தான், எனக்காகக் கொஞ்சம் தமிழ் கலப்பார்.

"எத்ர தட்டு கேட்டு? ஒண்ணு தன்னே, அல்லே?"

எத்தனை தட்டு, ஒன்றுதானே என்கிறார். பேனா காகிதத்துக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது. மூன்று என்று சொன்னால், சரியான சைகை கேட்டும் ஆளை விட்டுவிட்டு ஓடியவன் நான். வேலை போய்விடும். போவது மட்டுமா, ஐந்து வருடம் கூட இருந்தவனை ரோட்டில் போட்டுவிட்டு வந்தவன் என்று வண்டி வண்டியாகப் பேச்சு பரவும். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள், கரமனையில் வாடகை வீடு. இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். உண்மையில் அந்த நிமிடம் பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை. என் மானம்தான் ஞாபகம் வந்தது.

"ஒண்ணு சார்."

"குட்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் அண்ணாச்சியிடமும் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு எதுவும் ஞாபகமில்லை. "டிரைவர் என்ன சொல்லுகானோ அதான். அவன் பொய் சொல்ல மாட்டான்" என்றாராம். இதை எனக்குச் சொன்னவனே மேனேஜரோடு போனவன்தான், என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சொன்னான்.

ஆபத்து இல்லாத இடத்தில் ஆபத்துச் சைகை கொடுத்து வண்டியை விரட்டிவிட்டவர் என்று அவர் பைலில் எழுதினார்கள். எப்படியும் அவரால் இனி துப்பாக்கி தூக்க முடியாது, போகட்டும். ஆனால் அப்படி எழுதித்தான் அனுப்பினார்கள். எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரமும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். மனைவி அதை வாசலுக்கு நேரே மாட்டினாள். புதிதாகச் சேர்ந்த டிரைவர்களுக்கு வகுப்பு நடக்கும்போதெல்லாம் என்னை எழுப்பி நிறுத்தி, இவரைப் பாருங்கள், கூட வேலை செய்கிறவர் கீழே கிடந்தும் விதியை மீறவில்லை என்பார்கள். நானும் வெட்கமில்லாமல் எழுந்து நிற்பேன்.

மூன்று மாதம் அவரைப் பார்க்கப் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நேமத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். கதவு சாத்தியிருந்தது. பழக்க தோஷம், விரலை மடக்கி மூன்று முறை தட்டினேன். உள்ளே குழறலாக ஒரு குரல் கேட்டது.

"மூணு தட்டு. நம்ம வண்டி ஆளுதான். தெறந்து விடு."

அவர் மனைவி திறந்தார். "இவரு தட்டுகத வச்சே ஆளச் சொல்லிருவாரு. வாங்க தம்பி, இருங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வேலை எப்படி, புது துப்பாக்கிக்காரன் எப்படி என்று விசாரித்தார். அவன் ஒழுங்காகத் தட்டுகிறானா என்றும் கேட்டார். நான் வந்த விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"டே, ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன். அந்த நேரம் எனக்கு ஓர்மையே இல்ல. ஆஸ்பத்திரியில கெடக்கும்போதும் இதே நெனப்புதான். இருபது வருசம் பட்டாளம், அஞ்சு வருசம் ஒங்கூட. ஒரு சிக்னல் தப்பாக் குடுத்தது கெடையாது." வலது கையால் நாற்காலிக் கைப்பிடியில் தட்டிக் காட்டினார். மூன்று முறை, அதே தாளத்தில். "இப்படித்தானே தட்டுவேன்? அன்னைக்கு மட்டும் எப்படி மாறிச்சு? நீதான் கேட்ட ஆளு. நெசமாச் சொல்லு. ஒண்ணுதானா?"

அவர் மனைவி டீயோடு வந்து நின்றார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சொல்வதற்கென்றே வந்தவன். இதைவிடச் சுலபமாக யாரும் வழி திறந்துவிட முடியாது.

"ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வாயோரம் வழிந்ததை மனைவி துண்டால் துடைத்தார். பிறகு அந்த நல்ல கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்தார்.

"அப்ப நாந்தான் தப்பு. நல்லகாலம், நீயாவது சரியாச் செஞ்ச. ஒன்னயும் பதற வச்சுட்டேன் மக்கா. மனசுல வச்சுக்காத."

பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் எங்களுக்கு வாயில் தானாக வருகிற ஒரு சொல் உண்டு. அதைத்தான் சொன்னேன்.

"சாரமில்ல அண்ணாச்சி."