நீல வண்டியின் பின்னிருக்கை

போன மார்ச்சில் இரண்டு வாரத்துக்குள் மூன்று கார்களை ஓட்டிப் பார்த்தேன். மூன்றுமே டர்போ எஞ்சின் வைத்த, கூரை பின்பக்கம் சரியும் கூபே வகை. எனக்குக் கார் மோகம் எதுவும் கிடையாது. ஓட்டிப் பார்க்கச் சொன்னவர் என் கணவர். அவர் ஜெர்மனியில் இருந்தார். நானும் எங்கள் மூன்று வயது மகளும் மயிலாப்பூரில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் இருந்தோம்.

ஒரு வருடத்துக்கு என்று போனவர். இரண்டரை வருடமாகியிருந்தது. மே மாதம் திரும்பி வந்துவிடுவேன், ஜூனில் குழந்தையை எல்.கே.ஜி.யில் விடும்போது கூட இருப்பேன் என்று சொல்லியிருந்தார். இதற்கு முன்பும் இரண்டு முறை அப்படிச் சொல்லித் தள்ளிப்போயிருக்கிறது. இந்த முறை நான் நம்பியதற்குக் காரணமே இந்தக் கார்தான். வராதவர் எதற்குக் கார் வாங்குகிறார்? ஆதம்பாக்கத்தில் இருக்கும் மாமியாரிடம் சொன்னேன். பிளே ஸ்கூல் வாசலில் காத்து நிற்கும் மற்ற அம்மாக்களிடமும், அவர்கள் கேட்காமலேயே சொன்னேன்.

அவர் அங்கே ஒரு சக ஊழியரின் கூபேயில் நெடுஞ்சாலையில் போயிருக்கிறார். அதிலிருந்து ஆரம்பித்தது. மூன்று வண்டிகளைத் தேர்ந்தெடுத்து, பதினான்கு கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஷோரூம்காரர்கள் சொல்வதை நம்பாதே, நீயே ஓட்டிப் பார்த்து எழுது என்றார். நான் குழந்தை பிறக்கும்வரை ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். பரிசோதனைக் குறிப்பேடு போல ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று கட்டங்கள் போட்டு, கேள்விகளை இடது பக்கம் எழுதிக்கொண்டேன். பானெட்டுக்கு அப்பால் ரோடு தெரிகிறதா. பிரேக்கைக் கால் முழுதாக எட்டுகிறதா. வேகத்தடையில் அடி இடிக்கிறதா. டர்போ லேக் எவ்வளவு.

வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு சிறிய சக்கரம் சுழன்று, இன்னும் கொஞ்சம் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். அதுதான் டர்போ. சக்கரம் வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். நாம் மிதித்த பிறகு வண்டி சற்றே தயங்கும், பிறகுதான் பாயும். அந்தத் தயக்கம்தான் லேக். அதைக் கணக்கிடச் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டே எப்படிக் கணக்கிடுவது என்று கேட்கவில்லை. மனத்துக்குள் ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று எண்ணிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

பதினைந்தாவது கேள்வியை நானே சேர்த்தேன். குழந்தை இருக்கை பின்னால் பொருந்துகிறதா?

ஒன்பதரைக்கு மகளை பிளே ஸ்கூலில் விட்டால் பன்னிரண்டரைக்குக் கூப்பிட வேண்டும். அந்த மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். என் பழைய சின்னக் காரிலிருந்து அவளுடைய இருக்கையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஷோரூமுக்குள் நுழைவேன். அதைப் பார்த்ததும் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் பின்னால் கதவைப் பார்ப்பார்கள். சார் பார்க்கிங்கில் இருக்காரா மேடம் என்பார்கள்.

முதல் வண்டி தி. நகரில். சாம்பல் நிறம். நான்கு கதவு உண்டு, கூரை மட்டும் பின்பக்கம் சரிந்திருக்கும். இரண்டே கதவு இருந்தால்தான் கூபே, அது கூபே வேஷம் என்று என் கணவர் முன்பே சொல்லியிருந்தார். இருந்தாலும் பார்த்துவிடு என்றார். பனகல் பார்க் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த தடுப்புகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஊர்ந்தேன். முன்னால் ஒரு தண்ணீர் லாரி. கூட வந்த பெண், இந்த வண்டி ஏழு நொடியில் நூறைத் தொடும் என்று மனப்பாடமாகச் சொன்னாள். நாங்கள் இருபதைத் தொடவில்லை. லேக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினேன். குழந்தை இருக்கை தாராளமாகப் பொருந்தியது.

இரண்டாவது, கொட்டிவாக்கத்தில், ஈ.சி.ஆர். ரோட்டின் மேலேயே. சிவப்பு, நீண்ட மூக்கு, மூன்றிலும் பெரிய எஞ்சின். ஸ்டார்ட் செய்ததும் எதிர் டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். யார் ஓட்டுவது என்று குனிந்து பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. ஸ்டியரிங்குக்கு மேல் எக்கிப் பார்த்தால்தான் ரோடு தெரிந்தது. விற்பனையாளர் மூன்று முறை சாரை வீடியோ காலில் கூப்பிடலாமே என்றார். சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றேன். உண்மையில் அங்கே அப்போது காலை ஏழு மணி, தூங்கிக்கொண்டிருந்திருப்பார். இருக்கை இதிலும் பொருந்தியது, சிரமப்பட்டு.

மூன்றாவது அடையாறில். நீல நிறம், இரண்டே கதவு. இதைத்தான் அவர் உண்மையில் விரும்பினார். விற்பனைப் பையன் என்று சொல்ல மாட்டேன், என்னைவிட நான்கைந்து வயதுதான் குறைவாக இருக்கும். நல்ல உயரம். இங்கிலீஷில் ஆரம்பித்தவர், நான் தமிழில் பதில் சொன்னதும் நிம்மதியாகித் தமிழுக்கு வந்தார். சொந்த இடம் சிந்தாதிரிப்பேட்டையாம். “எங்க தெருல இத்த திருப்பவே முடியாது மேடம். ரிவர்ஸ்லயே வீட்டுக்குப் போய்க்கினு இருக்கணும்” என்றார். பல நாள் கழித்து ஒரு பெரியவருடன் பேசிச் சிரித்தேன். பெரியவர் என்றால், மூன்று வயதுக்கு மேற்பட்டவர்.

அடையாறு பாலத்தைத் தாண்டி பட்டினப்பாக்கம் வந்ததும், இங்க கொஞ்சம் காலியா இருக்கும் மேடம், மிதிச்சுப் பாருங்க என்றார். மிதித்தேன். ஆயிரத்தொன்று என்று முடிப்பதற்குள் முதுகை யாரோ கைவைத்துத் தள்ளியது போல இருந்தது. அவ்வளவுதான், நாலைந்து நொடி. பிறகு ஒரு நாய் குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன். ஆனால் அந்த நாலைந்து நொடியும் நான் பிளே ஸ்கூல் நேரத்தையோ, பால் பாக்கெட்டையோ, மகளின் இருமலையோ நினைக்கவில்லை. ஓரமாக நிறுத்தி நோட்டை எடுத்தேன். ‘லேக்: ஒரு நொடிக்கும் குறைவு.’ அதற்கு மேல் எழுதக் கட்டம் இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பிளே ஸ்கூல் வாசலில் நின்ற அம்மா ஒருவரிடம் ஆரம்பித்தேன். அவர் வெயில் ஜாஸ்தியாயிடுச்சு இல்ல என்றார். ஆமாம் என்றேன்.

அன்று மதியம் நோட்டைச் சுத்தப் பிரதி எடுக்கும்போதுதான் என் தவறு தெரிந்தது. மூன்று வண்டியிலும் குழந்தை இருக்கையை டிரைவருக்குப் பின்னால் மாட்டிப் பார்த்தேன், பொருந்துகிறது என்று எழுதினேன். டிரைவர் சீட் என் உயரத்துக்கு முன்னால் இழுத்திருந்தது. நான் ஐந்தடி ஒரு அங்குலம். அவர் கிட்டத்தட்ட ஆறடி. அவர் உட்கார்ந்தால் சீட் எவ்வளவு பின்னால் வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. யாருக்காக இத்தனையும் செய்கிறேனோ அவரையே கணக்கில் விட்டுவிட்டேன்.

மறுபடி போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பொருந்தவில்லை என்று தெரிந்தால் அவர் அந்த வண்டியை வேண்டாம் என்பார். வேறு வண்டி தேட ஆரம்பிப்பார். அதற்குள் மே மாதம் ஜூலை ஆகும். பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு மனம். பிறகு அவர் வந்து உட்கார்ந்து, குழந்தை காலை மடக்கிக்கொண்டு அழுதால், நீ இதைக்கூடப் பார்க்கலையா என்று கேட்பாரே என்று இன்னொரு மனம். சனிக்கிழமை காலை மகளையும் கூட்டிக்கொண்டு அடையாறுக்குப் போனேன்.

சிந்தாதிரிப்பேட்டைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தயங்காமல் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். “சார் எப்படி உக்காருவாரு மேடம்? சொல்லுங்க, அப்படியே செட் பண்றேன்.”

பின்னால் என்றேன். ஒரு தடவை நகர்த்தினார். இன்னும் என்றேன். சாய்வு எவ்வளவு என்று கேட்டார். என் கணவர் நிமிர்ந்து உட்காருவாரா, சாய்ந்தா? முழங்கால் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்குமா? எங்கள் பழைய காரைத்தான் அவரும் ஓட்டுவார். அவர் ஜெர்மனிக்குப் போன மறுநாள் தடுப்பூசி போடுவதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அப்போது சீட்டை எனக்கு ஏற்றபடி முன்னால் இழுத்தேன். எத்தனை க்ளிக் என்று எண்ணி வைக்கத் தோன்றவில்லை. செல்போனில் பழைய படங்களைத் தேடினேன். அவர் கார் ஓட்டும் படம் ஒன்றுகூட இல்லை. குத்துமதிப்பாக, கொஞ்சம் சாய்ங்க, போதும் என்றேன். சிந்தாதிரிப்பேட்டைக்காரர் அப்படியே உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.

மகளைப் பின்னால் அவள் இருக்கையில் வைத்தேன். முன் சீட்டின் முதுகு அவள் முழங்காலில் இடித்தது.

“மாமா, தள்ளிக்கோங்க. என் காலு எங்க போகும்?” என்றாள்.

“நான் இல்ல பாப்பா, உங்க அப்பா உக்காந்துக்கினு இருக்காரு” என்றார் அவர்.

அப்பா என்றதும் அவள், செல்போன் எங்கே என்பது போல என் கையைப் பார்த்தாள்.

அப்புறம் எனக்கு ஒரு வழி தோன்றியது. இருக்கையைக் கழற்றி இடது பக்கம், எனக்குப் பின்னால் மாட்டினேன். நான் முன்னால் உட்கார்ந்து என் சீட்டைக் கடைசி வரை முன்னுக்குத் தள்ளினேன். முழங்கால் டாஷ்போர்டில் முட்டியது. ஆனால் மகள் காலை நீட்டி ஆட்டினாள். வலது பக்கம் ஆறடி ஆள் வசதியாக உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் போக முடியும். ஷோரூமின் கண்ணாடி அறைக்குள், நகராத வண்டியில், சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு பக்கத்தில் இருப்பவர் யார் என்று நினைவு வந்து, சட்டென்று இறங்கிவிட்டேன்.

மதியம் மகள் தூங்கியதும் என் கணவரைக் கூப்பிட்டேன். அங்கே காலை. காபி கலக்கும் சத்தம் கேட்டது. பிரச்சினையைச் சொன்னேன், தீர்வையும் சொன்னேன். நான் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தால் போதும், பழகிவிடும் என்றேன்.

“நீ எதுக்கும்மா ஒடுங்கணும்?” என்றார். “டிரைவர் சீட்டுக்குப் பின்னாடியே இருக்கட்டும். எப்பவும் நீதானே ஓட்டப்போறே. நான் இருக்கற பதினஞ்சு நாளைக்கு கால் டாக்ஸி போட்டுக்கலாம்.”

காபி ஸ்பூன் சத்தம் நின்றது.

“எந்தப் பதினஞ்சு நாள்?” என்றேன்.

பிறகு அவர் சொன்னார். காண்ட்ராக்ட் இன்னும் இரண்டு வருடத்துக்கு நீண்டிருக்கிறது. மூன்று வாரம் முன்பே தெரியும். மேயில் லீவில் வரும்போது நேரில் சொல்ல நினைத்திருந்தார். தனியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாயே, அந்த ஓட்டைக் காரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறாயே, உனக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்றுதான் இந்தக் கார் என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

“அப்ப உங்க உயரத்துக்கு ஏன் பாக்கச் சொன்னீங்க?”

“நான் சொல்லலையேம்மா.”

அவர் சொல்லவில்லைதான். போனை வைத்த பிறகு அந்தப் பதினான்கு கேள்விகளையும் திரும்பப் படித்தேன். ரோடு தெரிகிறதா, கால் எட்டுகிறதா, லஸ் முனை நெரிசலில் கியர் தொல்லை செய்கிறதா, தனியாக டயர் மாற்ற முடியுமா. எல்லாம் ஐந்தடி ஒரு அங்குலத்துக்காரிக்கான கேள்விகள். இரண்டு வாரமாகக் கையிலேயே வைத்திருந்தேன். தேர்வுத்தாளில் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் எழுதும் பிள்ளைகளை நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. மாமியாருக்குத் தெரியுமா என்று கேட்காமல் விட்டது பிறகுதான் உறைத்தது. தெரிந்திருந்து என்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால்? தெரியாது என்றால் நான் சொல்ல வேண்டுமா, அவர் சொல்ல வேண்டுமா? எழுந்து அரிசியைக் களைந்தேன். இரவுக்குத் தோசை என்பது களைந்து முடித்த பிறகு நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை, பிளே ஸ்கூல் வாசலில் காத்திருந்தபோது அடையாறு ஷோரூமிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்காரர் கூப்பிட்டார். நீல வண்டியை இரண்டு நாள் பிடித்து வைக்க முடியும், சார் வந்து ஒரு முறை பார்த்துவிட்டால் புக் பண்ணிவிடலாம் என்றார்.

“சார் வரலை” என்றேன்.

அதை வாய்விட்டு அப்போதுதான் முதன்முதலாகச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, பெயர்கூட மறந்துபோன ஒருவரிடம். காகிதம் புரளும் ஓசை கேட்டது.

“பரவால்ல மேடம், வண்டிய இன்னும் கொஞ்ச நாள் புடிச்சு வெக்கறேன். அப்ப அடுத்த சனிக்கிழமை வெச்சுக்கலாமா? ரெண்டு பேரும் சேர்ந்தே வந்துடுங்க. பாப்பாவையும் கூட்டிக்கினு வாங்க.”

கதவைத் திறந்துவிட்டார்கள். குழந்தைகள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பதினொன்றரை மணிக்கு என்று அவரே நேரம் குறித்துக்கொண்டார். சரி என்றேன்.