பெட்ரோல் வாடைக்குச் சாம்பிராணி

பைக் டேங்கில் துரு ஏறிவிட்டது. தன் கையே தனக்கு உதவி என்று, ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானே கழற்றிக் கழுவ உட்கார்ந்தேன். பழங்காநத்தத்தில் எங்கள் சந்துக்குள் ஆட்டோக்கள் போய்வரும் என்பதால், வண்டியை வீட்டு நடைக்குள் நிறுத்தி, ட்யூபை உருவி, பெட்ரோலைத் திறந்த வாளியில் வடியவிட்டேன்.

அடுப்படியிலிருந்து என் மனைவி சாந்தி, "என்னங்க, பெட்ரோல் வாடை வீடெல்லாம் குமட்டுது" என்றாள்.

"பெரிய மகாராணி மூக்கு! வாடை அடிச்சா சாம்பிராணியப் போடு" என்று நக்கலடித்தேன்.

வெள்ளிக்கிழமைதானே, அவள் அதை நிஜமென்றே எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தூபக்காலில் கங்கு கனிந்து சிவக்க, நடையை நோக்கி வந்தாள்.

"அய்யோ, வராத! பின்னால ஓடு!" என்று அலறினேன்.

அவள் பின்வாசல் வழியே ஓடி, கங்கில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு திரும்பி வந்து கேட்டாள்: "நீங்கதானங்க போடச் சொன்னீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் போகிறது, அவளையல்லவா எரித்திருப்பேன்! இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இப்போதெல்லாம் டேங்க் வேலை என்றால் வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறேன். வழியில் யாராவது, "என்ன மாப்ள, வண்டிய நீ கூட்டிட்டுப் போற?" என்று சிரித்தால், நின்று நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.