அண்ணனின் இடது காது

அழகாக எழுத எனக்கு வராது. அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு யாராவது எழுத வேண்டும். தங்கையான என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

அண்ணன் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, என்னை அழைத்துக்கொண்டு பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்தார். கார்ப் பட்டறையில் வேலை, அதன் பின்னாலேயே ஓர் அறை. எந்தக் காரையும் அவர் முதலில் திறந்து பார்க்கமாட்டார். ஓட்டச் சொல்லிச் சத்தத்தைக் கேட்பார். பிறகுதான் திருப்புளியை எடுப்பார்.

ஜப்பான்காரன் வந்ததும் பட்டறையை எடுத்துக்கொண்டான், அண்ணனையும் சேர்த்து. மாட்டேன் என்றிருந்தால் தலை இருந்திருக்காது. உறவுக்காரர்களோ "ஜப்பான்காரன் ஆள்" என்று சொல்லி எங்கள் வாசலை மிதிப்பதை நிறுத்தினார்கள்.

சித்தப்பாவிடம் கார் இருந்தது. டயரைக் கழற்றி ஒளித்துவிட்டால் ஓடாத காரை யாரும் தொடமாட்டார்கள் என்று அவர் நினைத்தார். ஜப்பான்காரர்கள் வேறு டயர் கொண்டுவந்து மாட்டி ஓட்டிப் போனார்கள்.

சில மாதங்களில் ஓர் அதிகாரி அதே காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். உள்ளே ஏதோ சத்தம், கண்டுபிடி என்று உடைந்த மலாயில் சொன்னான். அவன் ஓட்ட, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். எஞ்சின் வேகம் கூடினாலும் சத்தம் கூடவில்லை. கிளட்சை மிதித்தாலும் மாறவில்லை. பள்ளத்தில் குலுங்கியது, வளைவில் எதுவோ சறுக்கிப் போய் முட்டி நின்றது. பின்கதவுதான். உட்பலகையைத் தளர்த்திப் பார்த்தார். ஒரு தகர டப்பா. மூடி இடுக்கில் மஞ்சள் துணி. சித்தியின் தாலிக்கொடியும் நகைகளும் அதற்குள் இருந்தன. வெளியே எடுத்தால் மறைத்தவர் யார் என்று தேடிச் சித்தப்பாவை இழுத்துப் போவார்கள். அதிகாரி முதுகுக்குப் பின்னால் நின்றான். அண்ணன் கந்தைத் துணியை டப்பாவைச் சுற்றித் திணித்துவிட்டு, கையிலிருந்த ஒரு நட்டை நீட்டி, இதுதான் என்றார்.

அன்று மாலை சித்தப்பா வீட்டுக்குப் போனார். நானும் கூட இருந்தேன்.

"சித்தப்பா, கதவுக்குள்ள வைக்கிற பொருளா அது?"

"மெல்லப் பேசுடா! எடுத்திட்டியா?"

"எடுத்தா உங்க தலை போயிடும். சத்தம் வராம அடைச்சிருக்கேன்."

"அப்ப அங்கயே கிடக்கட்டும்லா. நீ இங்க வராத, ஆளுங்க பாக்குறாங்க."

தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

துணி நழுவி மறுபடி சத்தம் வந்தது. பொய் சொன்னாய் என்று அதிகாரி அண்ணனின் இடது காதோடு சேர்த்து அறைந்தான். ரத்தம் ஒழுக ஒழுகக் கதவுக்குள் கையை விட்டு, இறுக்கித் திணித்தார். அதன்பின் காரில் சத்தம் இல்லை. அந்தக் காதிலும் இல்லை.

சண்டை முடிந்ததும் கார் பட்டறை முற்றத்திலேயே அநாதையாகக் கிடந்தது. டப்பாவை எடுத்துப் போய்ச் சித்தியின் கையில் கொடுத்தார். நகையைப் பூசையறையில் முருகன் காப்பாற்றினான் என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். தைப்பூசத்தில் தேருக்கு முன்னால் தேங்காய்களைக் குவித்து உடைத்தார். அந்தச் சத்தம் அண்ணனுக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

"நீங்க சொல்லுங்கண்ணே, இல்லாட்டி நான் சொல்றேன்" என்றேன்.

"விடு தங்கச்சி. அவருக்குக் கேவலம்" என்றார்.

அந்த நகையைப் போட்டுத்தான் சித்தப்பா மகளின் கல்யாணம் நடந்தது. இடது பக்கமிருந்து ஒருவர் கூப்பிட்டார், அண்ணன் திரும்பவில்லை. "என்ன துரை, கூப்பிட்டா காது கேக்காதோ?" பந்தலே சிரித்தது. அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனார். அதற்குப் பிறகு எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவர் போகவில்லை. உறவுக்காரர்கள் நீங்கள் திமிர் என்றீர்கள். நான் ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலது காதை எஞ்சினுக்குச் சாய்த்துக்கொண்டு, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், அந்த அறையிலேயே முதுமையடைந்தார்.

சித்தப்பாவும் போய்விட்டார், அண்ணனும் போய்விட்டார். இனி நான் வாயை மூடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

கடைசி நாட்களில் பக்கத்துக் காப்பிக்கடைச் சீன அம்மா தினமும் கஞ்சி கொண்டுவந்தார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருக்கு என் நன்றி. அண்ணன் இறந்த அன்று உறவினர்கள் நீங்கள் நிறையப் பேர் வந்து, இடது பக்கம் நின்று பெயர் சொல்லி அழுதீர்கள். வந்ததற்கு உங்களுக்கும் நன்றி.