சனிக்கிழமைப் பழம்

எனக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டது என்று ஜோதிடர் சொன்ன வாரத்திலிருந்தே சனிக்கிழமைதோறும் குரங்குகளுக்கு வாழைப்பழம் வைக்க ஆரம்பித்தேன். எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே சாலை, சாலைக்கு அப்பால் மலை, மலையில் குரங்கு. இவ்வளவு வசதியான பரிகாரம் யாருக்குக் கிடைக்கும்? நானோ ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள். பழம் வைத்தாலாவது மனம் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை. ஒரு சீப்பை இரண்டு சீப்பாக்கினேன்.

மதில்மேல் பழம் எடுக்க வந்தவை கறுத்த உடம்பும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் கொண்டவை. ஒரு தாயிடம் மட்டும் மஞ்சள் நிறத்தில், பிறந்து சில நாளே ஆன குட்டி இருந்தது. கல்யாண வீட்டில் கைக்குழந்தையை வாங்கிக்கொள்வதுபோல மற்ற பெண் குரங்குகள் அதை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும் பத்து நிமிடம்தான் வாரத்தில் நான் அசையாமல் நிற்கும் நேரம்.

மூன்றாம் மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் குரங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். ஒருநாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, இதுங்க பழம் திங்கிற கெரா குரங்கு இல்ல, லொத்தோங். இலை திங்கிற ஜாதி. மாடு மாதிரி வயிறு அறை அறையா இருக்கும். பழுத்த பழம் போனா உள்ளயே புளிச்சு வயிறு உப்பிடும். அதோட, மரத்த விட்டு லேசுல இறங்காதுங்க. உங்க பழத்துக்குத்தான் வண்டி ஓடுற ஜாலானத் தாண்டுதுங்க."

"ஆஞ்சநேயர் வம்சத்துக்கு வாழப்பழம் ஆகாதா? சும்மா இரும்மா."

"இந்தியாவுல அனுமார் குரங்குன்னு சொல்றாங்களே, அதுவும் இதுக்குச் சொந்தந்தான்க்கா. அதுக்கும் இலதான் முக்கியம் லா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் சனியை இவளா தீர்க்கப்போகிறாள்? அடுத்த சனிக்கிழமை வீம்புக்கு இன்னொரு சீப்பும் சேர்த்து வைத்தேன்.

தாய்தான் முதலில் இறங்கியது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வளைவில் திரும்பியது. வேன்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. குட்டி அப்போது மரத்தில் இன்னொரு பெண் குரங்கின் மடியில் இருந்தது.

மூன்றாம் மாடிப் பெண் கீழே ஓடிவந்து, அடிபட்டுச் செத்துக் கிடந்த தாயைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. "பால் உள்ள வேற தாய் சேத்துக்கிட்டா குட்டி பொழைக்கும்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிய, நான் பால்கனியில் நின்று இலைகளுக்குள் மஞ்சளைத் தேடிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் உட்காருவேன். மறைந்தால் எழுந்துவிடுவேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை பழம் வைக்கவில்லை. ஆனாலும் வழக்கமான நேரத்துக்கு வந்துவிட்டன. ஒரு பெண் குரங்கு குட்டியை அணைத்தபடி சாலையோரம் இறங்கி என் கைகளைப் பார்த்தது. பால்கனியில் என் பக்கத்தில் நின்ற மூன்றாம் மாடிப் பெண்ணிடம், "பொழச்சிருச்சு, பாத்தியா" என்றேன்.

அவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து இறக்கினாள். "செத்து ரெண்டு நாளாச்சுக்கா. விடமாட்டேங்குது."

அதற்குள் அது தார்ச்சாலையில் ஒரு காலை வைத்துவிட்டது. நான் உள்ளே ஓடி எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்துவந்து, போ, போ என்று கத்திக்கொண்டே தட்டினேன். அது மிரண்டு திரும்பியது. செத்த குட்டியை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு மறு கையால் மரம் ஏறியது. பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தட்டுவதை நிறுத்தவில்லை.